போட்டிக்காரங்க எல்லாரும் ஒரே மருந்து பின்னாடி ஓடுறாங்க, நாங்களும் ஓடணுமா?

கேள்வி: எட்டு பேர் வேலை பாக்குற சின்ன பயோடெக் கம்பெனி எங்களுது. பிடி-1 (நோய் எதிர்ப்பு செல்லுக்கு பிரேக் மாதிரி இருக்கற புரோட்டீன்), வி.இ.ஜி.எஃப் (கட்டிக்கு ரத்தக்குழாய் வளர வைக்கிற புரோட்டீன்) ரெண்டையும் ஒரே ஆன்டிபாடில பிடிக்கிற கேன்சர் மருந்துல போட்டி கம்பெனிங்க வரிசையா இறங்குறாங்க, நீங்க ஏன் இறங்கலன்னு இன்வெஸ்டர் நச்சரிக்கிறார். என்ன பண்ணலாம் சார்?

பதில்: அவங்க எதனால இறங்குனாங்கன்னு முதல்ல பாருங்க. பணம், பேட்டன்ட், அரசாங்க ரூல், இந்த மூணும் தான் காப்பி அடிக்க வைக்குது, தடுக்கவும் செய்யுது. ஹுமிராங்கற மூட்டுவாத மருந்தோட பயோசிமிலர், அதாவது கிட்டத்தட்ட அதே மாதிரி செஞ்ச காப்பி மருந்து, நம்ம நாட்டுல 2014 டிசம்பர்லயே ஸைடஸ் காடிலா விட்டாச்சு, ஐரோப்பால 2018 அக்டோபர்ல ஒரே மாசத்துல நாலு கம்பெனி இறங்குச்சு, அமெரிக்கால ஆம்ஜென் 2016லயே அப்ரூவல் வாங்கியும் நூத்துக்கு மேல பேட்டன்ட் வேலியா நின்னதால 2023 ஜனவரில தான் விக்க முடிஞ்சுது.

உங்க நிலைமைக்கு கிட்ட வர்றது சீனாவோட பிடி-1 கதை. பிடி-1ஐ பிடிக்கிற மருந்துங்களான கீட்ரூடா, ஆப்டிவோ ரெண்டும் 2014ல அமெரிக்கால அப்ரூவ் ஆனதும் அந்த டார்கெட் (மருந்து குறி வைக்கிற புரோட்டீன்) மேல நம்பிக்கை வந்துடுச்சு, சீனால ரிவ்யூ வேகமாச்சு, 2018ல வருமானமே இல்லாத பயோடெக்கும் லிஸ்ட் ஆகலாம்னு ஹாங்காங் பங்குச்சந்தை கதவ தொறந்துச்சு, புதுசா ட்ரை பண்ணி தோத்தா நம்மள கேப்பாங்க ஆனா எல்லாரும் பண்றத பண்ணி தோத்தா கேக்க மாட்டாங்கன்ற நெனப்பும் சேர்ந்துக்க, 2019 முடியறதுக்குள்ள உள்ளூர் மருந்து நாலு அப்ரூவ் ஆயிடுச்சு. அதே 2019ல அந்த நாலுல ஒண்ணான சின்டிலிமாப் அரசு இன்சூரன்ஸ் லிஸ்ட்ல நுழைய விலைய 60 சதவீதத்துக்கு மேல குறைச்சுது. 2021ல சீன ரெகுலேட்டர், இருக்கறதுலயே நல்ல சிகிச்சையோட ஒப்பிட்டு காட்டுங்கன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. 2022 பிப்ரவரில, சீனால மட்டும் நடந்த ட்ரையலோட போன சின்டிலிமாப்புக்கு இன்னும் ட்ரையல் வேணும்னு அமெரிக்க மருந்து ரெகுலேட்டரான எஃப்டிஏவோட ஆலோசனைக் குழு 14க்கு 1ன்னு ஓட்டு போட்டுச்சு. இறங்குனப்போ இருந்த சூழ்நிலை விக்கப் போறப்போ இல்ல.

இப்போ இந்த ரெட்டை டார்கெட்டுக்கும் அதே கூட்டம் தான். 2024 செப்டம்பர்ல சீன நுரையீரல் கேன்சர் ட்ரையல் ஒண்ணுல இந்த வகை மருந்தான இவோனெசிமாப் கீட்ரூடாவ விட அதிக நாள் நோய் வளராம பாத்துக்கிச்சு, 2025 மே மாசம் ஃபைசர் இதே மாதிரி மருந்துக்கு 125 கோடி டாலர் முன்பணம் பேசுச்சு, அதான் உங்க இன்வெஸ்டருக்கு தூக்கம் வரல.

எனக்கு இதுல பெரிய கவலையே பேஷன்ட்ஸ் தான். ஒரு ட்ரையல் கோஆர்டினேட்டர் மேஜைல மூணு கம்பெனி ஃபைல் கெடந்தத பாத்தேன், மூணுக்கும் வேணும்னது இன்னும் சிகிச்சையே ஆரம்பிக்காத நுரையீரல் கேன்சர் பேஷன்ட், அந்த மாசம் அப்படி வந்தவங்க ரெண்டே பேர். மூணு ட்ரையலும் இழுத்துக்கிட்டே போச்சு.

அதனால பணம் போடறதுக்கு முன்னாடி நீங்க போக நெனைக்கிற பத்து ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணி, இந்த டார்கெட்டுக்கு எத்தன ட்ரையல் ஓடுது, மாசம் எத்தன பேர் கெடைக்கிறாங்கன்னு கேளுங்க. அப்புறம் இப்ப இருக்கற விலைல பாதிக்கும் கீழ வித்தா கட்டுமான்னு கணக்கு போடுங்க. ரெண்டுல ஒண்ணு ஒத்து வரலன்னாலும் இறங்காதீங்க, அந்த ரெண்டு தாளையும் இன்வெஸ்டர் முன்னாடி வச்சிடுங்க. ரெண்டும் ஒத்து வந்தா கூட கூட்டமே இல்லாத வேற கேன்சர்ல ஆரம்பிங்க.