அண்ணன் அனுப்பிய குளிசை

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் நோ. கனடாவிலுள்ள அண்ணன் குவெர்செட்டின் குளிசை அனுப்பியிருக்கிறார். கிழட்டுக் கலங்களைக் கொல்லுமாம். கொடுக்கலாமா?
– வாசகி, உரும்பிராய்

பதில்: அண்ணன் சொல்வது பாதி சரி. உடற்கலங்கள் ஓரளவுக்கு மேல் பிரிவதில்லை என்று 1961இல் அமெரிக்க விஞ்ஞானி ஹேஃப்ளிக் காட்டினார். பிரிவதை நிறுத்திய கலங்களில் சில சாகாமலே கிடந்து, அழற்சியைத் தூண்டும் பொருட்களைச் சுரந்து, பக்கத்துக் கலங்களையும் கெடுக்கின்றன. இவைதான் அண்ணன் சொல்லும் கிழட்டுக் கலங்கள். ஆனால் காயம் ஆறவும் இதே கலங்கள் உதவுகின்றன, அதையும் அண்ணனுக்குச் சொல்லுங்கள்.

2015இல் இரத்தப் புற்றுநோய் மருந்தான டசாட்டினிப்புடன் குவெர்செட்டினைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். நல்ல பலன். யாருக்கு? எலிகளுக்கு! மனித முழங்காலில் யூனிட்டி என்ற அமெரிக்க மருந்து நிறுவனம் ஊசியாகச் சோதித்த, கிழட்டுக் கலங்களைக் கொல்லும் வேறொரு மருந்து, 2020இல் மருந்தில்லா வெறும் ஊசியைவிட நோவைக் குறைக்கவில்லை.

குவெர்செட்டின் உங்கள் ஊர்ச் சின்ன வெங்காயத்திலும் உண்டு. அதற்காக அம்மாவுக்குப் பச்சையாகத் தீத்த வேண்டாம்!

அம்மா இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவரென்றால் இன்னும் கவனம். போத்தலைத் திறக்காமல், கிளினிக் கொப்பியோடு கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள். அதுவரை கதிரையில் இருந்தபடி காலை நேராக நீட்டி மடக்கச் சொல்லுங்கள், தொடைத் தசை பலப்பட்டால் நோ குறையும்.