குருவாக இருந்த மேசன் வீம்ஸ் புத்தக வியாபாரியானது ஊழியத்தைக் கைவிட்டதாகாதா?

பன்னிரண்டு ஆண்டுகள் சேகரக் குருவாக, அதாவது சபைப் போதகராக, இருந்து, பிறகு கிறிஸ்தவப் புத்தகக் கடை வைத்தவன் என்பதால், இதை என்னிடமே கேட்டதாக எடுத்துக்கொள்கிறேன்.

அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் வீம்ஸ். மேரிலாந்தில் 1759இல் பிறந்த அவர் எளிதில் குருப்பட்டம் பெற்றவர் அல்லர். விடுதலை பெற்ற அமெரிக்காவில் அப்போது ஆங்கிலிக்கன் பேராயர் எவரும் இல்லை; இங்கிலாந்திலோ, அரசருக்கு விசுவாசப் பிரமாணம் செய்யாதவருக்குப் பட்டம் கொடுக்கச் சட்டம் இடம் தரவில்லை. 1784இல் பாராளுமன்றம் அந்த நிபந்தனையைத் தளர்த்திய பின்னரே காண்டர்பரி பேராயர் அவருக்குப் பட்டம் கொடுத்தார். அவ்வளவு காத்திருந்து பெற்றதை ஒருவர் விளையாட்டாக உதறியிருப்பார் என்று நான் நம்பவில்லை.

சில ஆண்டுகள் மேரிலாந்துச் சபைகளில் பணியாற்றியபின், பெரும்பாலும் பிலடெல்பியாப் பதிப்பாளர் மேத்யூ கேரிக்காக, புத்தகங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு 1825இல் இறக்கும்வரை ஊர் ஊராக விற்றார். போன இடங்களில் பிரசங்கித்தார். கொலை, குடி, சூது ஆகியவற்றைக் கண்டித்துச் சிறுநூல்களும் எழுதினார். கிராமத்தார் வாங்காத கனத்த நூல்களையே அனுப்புகிறீர்கள் என்று அவர் கேரியிடம் கடிதத்தில் சண்டையிட்டதைப் படித்தபோது, என் கடையில் ஆறு ஆண்டுகளாக அசையாதிருக்கும் விளக்கவுரைத் தொகுதிகளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துக்கொண்டேன்.

கடை திறந்த இரண்டாம் மாதம், பழைய சேகரத்துப் பெரியவர் ஒருவர் வந்து, பெரிய எழுத்து வேதாகமத்தில் நாற்பது ரூபாய் குறைக்கச் சொன்னார். எனக்கு அதில் நிற்பதே அவ்வளவுதான் என்றேன். "பிரசங்க பீடத்தில் நின்றவர் இப்படிக் கல்லாவில் உட்கார்ந்துவிட்டீர்களே, ஐயரே!" என்றார். குருவாக இருந்த காலத்தில் என் மாலைகளைத் தின்றவை கமிட்டித் தேர்தல் வழக்குகள். ஒரு வசனத்தைப் பற்றி ஒருவர் என்னிடம் அரை மணி நேரம் நின்று பேசியது கடை வைத்த பிறகுதான் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

வீம்ஸின் கட்டுக்கதைகளுக்கு நான் வக்காலத்து வாங்குவதாக எவரும் எண்ண வேண்டாம். பொய் சொல்லாத சிறுவன் வாஷிங்டனைப் பற்றிய அந்தச் செர்ரி மரக் கதை, ஆதாரம் ஏதுமின்றி அவருடைய அந்த வாழ்க்கை வரலாற்று நூலின் 1806ஆம் ஆண்டுப் பதிப்பில் நுழைந்து, நம் நீதிபோதனை வகுப்புகள் வரை வந்துவிட்டது. ஆயினும் அதைவிட என்னை உறுத்துவது, நூலின் முகப்பில் அவர் தம்மை, வாஷிங்டனின் பண்ணை வீட்டின் பெயரைச் சேர்த்து, 'மவுண்ட் வெர்னன் பங்கின் முன்னாள் குரு' என்று போட்டுக்கொண்டதுதான். அப்படியொரு பங்கே, அதாவது சபை வட்டாரமே, இருந்ததில்லை. வாஷிங்டன் சென்றுவந்த போஹிக் ஆலயத்தில் அவர் அவ்வப்போது பிரசங்கித்ததுண்டு, அவ்வளவே. என் கடைப் பலகையில் பெயருக்கு முன் 'அருட்திரு' சேர்த்தால் வியாபாரம் கூடும் என்று பெயிண்டர்கூட எடுத்துச் சொன்னார். வெறும் பெயரை மட்டும் எழுதச் சொன்னேன்.