கடல் உள்வாங்கினால் சுனாமியா, காற்றா?

கேள்வி: பாம்பன் வடகடலில் (பாக் நீரிணைப் பக்கம்) நாட்டுப்படகு வைத்திருக்கிறேன். இங்கே கடல் அடிக்கடி உள்வாங்குகிறது. பூகம்பமே இல்லாமல் வானிலையாலும் சுனாமி வருமாமே, உண்மையா? எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும்?

பதில்: உண்மைதான். வானிலைச் சுனாமி என்று அதற்குப் பெயர். ஆனால் நீங்கள் அடிக்கடி பார்ப்பது அது இல்லை. வடகடல் ஆழம் குறைந்த கடல். காற்று ஒரே பக்கமாக நின்று வீசினாலே தண்ணீர் ஒதுங்கிவிடும். கடல் வற்றும் நேரமும் சேர்ந்துகொண்டால் படகு தரைதட்டிச் சாய்ந்து நிற்கும், பாசியும் சிப்பியும் வெளியே தெரியும். இதெல்லாம் மணிக்கணக்கில் மெதுவாக நடப்பது.

வானிலைச் சுனாமி வேறு. காற்றழுத்தம் 1 மில்லிபார் மாறினால் கடல் சுமார் 1 சென்டிமீட்டர்தான் ஏறி இறங்கும். அப்புறம் எப்படிப் பேரலை? மணலில் படகைத் தள்ளும்போது, படகு நகரும் வேகத்துக்கு நாமும் நடந்தால்தான் தள்ளு விழும். அதுபோல மேகக்கூட்டமும் கடலலையும் ஒரே வேகத்தில் ஓடினால், மேகத்தோடு வரும் அழுத்த மாற்றம் அலையை விடாமல் தள்ளி வளர்க்கும். 1929-இல் பிரௌட்மன் என்ற ஆங்கிலேய அறிஞர் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். 50 மீட்டர் ஆழத்தில் அந்த வேகம் மணிக்கு 80 கிலோமீட்டர், 10 மீட்டரில் 36.

ஜப்பானின் நாகசாகி விரிகுடாவில் 1979 மார்ச் 31 அன்று ஏறக்குறைய 3 மில்லிபார் அழுத்த மாற்றம்தான். குறுகிய விரிகுடாவுக்குள் புகுந்த அலை, உள்கோடியில் கடல்மட்டத்தை 4.78 மீட்டர் ஏற்றி இறக்கிவிட்டது. அங்கே இதை 'அபிகி' என்பார்கள். வலையை இழுத்துப் போவது என்று பொருள் சொல்கிறார்கள்.

தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் எச்சரிக்கை வரும் கள்ளக்கடல் இதுவல்ல. அது தொலைதூரத் தென்சமுத்திரப் புயல்கள் அனுப்பும் அலை, இன்காய்ஸ் என்ற இந்தியக் கடல் தகவல் மையம் முன்கூட்டியே சொல்லிவிடும்.

சரி, நீங்கள் கவனிக்க வேண்டியது வேகத்தை. கருமேகம் சுவர் மாதிரி எழும்பி, திடீரென்று குளிர்காற்று அடித்து, ஐந்து பத்து நிமிடத்தில் கடல் சரசரவென்று இறங்கினால் மேட்டுக்கு ஓடுங்கள். சிப்பி பொறுக்கப் பிள்ளைகளை இறங்க விடாதீர்கள். சைரனுக்குக் காத்திருக்க வேண்டாம். சுனாமி எச்சரிக்கை பெரும்பாலும் பூகம்பத்தை வைத்தே தொடங்குகிறது, இங்கே பூகம்பமே இல்லையே. முதல் அலை போனதும் படகைப் பார்க்க இறங்காதீர்கள், அடுத்தது அதைவிடப் பெரிதாக இருக்கலாம். மேகம் கட்டும் நாளில் துறையில் கட்டும் கயிற்றுக்குக் கொஞ்சம் இளக்கம் விடுங்கள். இறுக்கிக் கட்டிய படகு நீர் இறங்கும்போது கயிற்றில் தொங்கும், ஏறும்போது அமுங்கும்.