குவாதலூப் போக என்ன வேண்டும்? கேள்வி பதில்

காரைக்காலில் பிறந்தேன். பாரிஸில் ஒரு பயண முகவர் அலுவலகத்தில் 22 ஆண்டுகள் விசாத் தாள்களோடு வேலை செய்து ஓய்வு பெற்றேன். கரீபியன் கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான குவாதலூப்புக்கு நம்மவர்கள் அதிகம் போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. 1854 முதல் 1889 வரை சுமார் 42,000 பேர் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களுள் பெரும்பகுதி தமிழர்கள். அதனால்தான் இந்தக் கேள்விகளுக்குப் பொறுப்பெடுத்துக்கொண்டேன்.

சேலத்திலிருந்து: ஐயா, மகன் பெர்லினில் இருக்கிறான். ஜெர்மனி கொடுத்த ஷெங்கன் விசா கையில் இருக்கிறது. குவாதலூப் பிரான்சின் பகுதிதானே? அதே விசாவில் போய் வரலாமா?

முடியாது. இந்த ஒரு பதிலை எல்லோரும் மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

குவாதலூப் பிரான்சின் மாவட்டம். அங்கே ஓடுவது யூரோ, பறப்பது பிரெஞ்சுக் கொடி, நடப்பது பிரெஞ்சுச் சட்டம். ஆனால் ஒரே விசாவில் போய் வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கன் எல்லைக்குள் அது இல்லை. பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான மார்த்தினிக்கும் அப்படித்தான். ஷெங்கன் விசா ஐரோப்பிய நிலப்பகுதிக்கானது. கடல் கடந்த மாவட்டங்களுக்கு விசா தனி. உங்கள் கடவுச்சீட்டில் ஒட்டியிருக்கும் விசாவின் மேல்பகுதியைப் பாருங்கள். அது எந்த நிலப்பகுதிக்குச் செல்லும் என்று அங்கே ஒரு வரி இருக்கும். 'ஷெங்கன் நாடுகள்' என்று மட்டும் இருந்தால் குவாதலூப் அதில் இல்லை.

பாரிஸின் ஓர்லி விமான நிலையத்தில் ஒரு குடும்பம் நின்ற காட்சியை நான் மறக்கவில்லை. விழுப்புரம் பக்கத்துக்காரர்கள். தாத்தா, பாட்டி, இரண்டு பிள்ளைகள். டிக்கெட் விற்ற முகவர் 'பிரான்ஸ்தானே, போகலாம்' என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். விமான நிறுவனத்தின் மேசையில் இருந்த பெண் விசாவின் அந்த ஒரு வரியைப் பார்த்தார், ஏற்ற மறுத்துவிட்டார். அந்தப் பெண் மீது தவறில்லை. பாட்டி பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். எட்டரை மணி நேரப் பறப்பு தூரத்தில் அவருடைய உறவுக்காரர்கள் வாசலில் கோலம் போட்டுக் காத்திருந்தார்கள். அந்த வரியைப் படியுங்கள் என்று நான் ஓயாமல் சொல்வது அதனால்தான்.

சென்னையிலிருந்து: இந்தியக் கடவுச்சீட்டு. நேராகக் குவாதலூப்புக்கே விண்ணப்பிப்பது எப்படி?

பிரான்ஸ் அரசின் விசா இணையதளத்தில் விண்ணப்பத்தைத் தொடங்கும்போது சேருமிடமாகக் குவாதலூப்பைத் தேர்ந்தெடுங்கள். 'பிரான்ஸ்' என்று பொதுவாகப் போட்டால் ஷெங்கன் விசாதான் வரும். பிறகு விண்ணப்ப மையத்தில் நேரம் வாங்கி, தாள்களைக் கொடுத்து, விரல் ரேகை பதிய வேண்டும். திரும்பி வரும் டிக்கெட், தங்குமிடச் சான்று, பணவசதிக்கான வங்கித் தாள்கள், மருத்துவக் காப்பீடு ஆகியவை வேண்டும். உறவினர் வீட்டில் தங்கினால், அவர் தம் ஊர் நகராட்சியில் வாங்கும் விருந்தினர் ஏற்புச் சான்று வேண்டும். வெறும் அழைப்புக் கடிதம் போதாது.

பலரும் சறுக்குவது இதற்கு அடுத்த படியில். இந்தியாவிலிருந்து வரும் விமானம் பாரிஸில் ஷார்ல் த கோல் நிலையத்தில் இறங்கும். குவாதலூப் விமானங்களில் பெரும்பாலானவை ஓர்லியிலிருந்து கிளம்பும். ஒன்று பாரிஸுக்கு வடக்கே, மற்றது தெற்கே. ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக நீங்கள் வெளியே வர வேண்டும். வெளியே வந்தால் ஷெங்கன் மண்ணில் கால் வைக்கிறீர்கள். எனவே குவாதலூப் விசாவோடு ஷெங்கன் விசாவும் வேண்டும். போகும்போது ஒரு முறை, வரும்போது ஒரு முறை என்பதால் ஷெங்கன் விசா குறைந்தது இரண்டு நுழைவுக்கு இருக்க வேண்டும். இரண்டும் தேவை என்பதை விண்ணப்பத்திலேயே தெளிவாகச் சொல்லுங்கள், பயணத் திட்டத்தையும் இணையுங்கள். குவாதலூப்பில் இருக்கும் நாட்கள், ஷெங்கன் நாடுகளில் தங்கக்கூடிய 90 நாள் கணக்கில் சேராது.

பாரிஸ், லா சப்பல் பகுதியிலிருந்து: அண்ணை, நான் ஈழத்தில் இருந்து வந்து அகதித் தகுதி பெற்றவன். பத்து வருட வதிவிட அட்டையும் பயணப் பத்திரமும் இருக்கின்றன. விசா எடுக்க வேண்டுமா?

வேண்டாம் தம்பி. பிரான்ஸ் கொடுத்த வதிவிட அட்டையும் பயணப் பத்திரமும் செல்லுபடியாக இருந்தால் போதும். ஆனால் அங்கிருந்து படகு ஏறி அடுத்த தீவுக்குப் போகும் எண்ணம் இருந்தால், அந்த நாடு உங்கள் பயணப் பத்திரத்தை ஏற்குமா என்று முதலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

புதுச்சேரியிலிருந்து: எங்கள் குடும்பம் பிரெஞ்சுக் குடியுரிமை உடையது. பாரிஸிலிருந்து போக அடையாள அட்டை போதுமா?

போதும்.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து: ஜெர்மனியின் நிரந்தர வதிவிட அனுமதி உண்டு, இந்தியக் கடவுச்சீட்டு.

குவாதலூப் விசா எடுங்கள். விலக்கு பிரான்ஸ் கொடுத்த அனுமதிக்குத்தான்.

லண்டனிலிருந்து: எனக்கு பிரிட்டிஷ் கடவுச்சீட்டு. மனைவியுடையது இந்தியக் கடவுச்சீட்டு, இங்கே நிரந்தரமாக வசிக்கும் உரிமை உண்டு.

உங்களுக்கு 90 நாள் வரை விசா வேண்டாம். மனைவிக்கு வேண்டும். பிரிட்டனின் வதிவிட உரிமை இங்கே உதவாது. பாரிஸ் வழியாகப் போனால் ஷெங்கனும் சேர்த்து. லண்டனிலேயே விண்ணப்பிக்கலாம்.

மதுரையிலிருந்து: டொமினிக்கன் தீவுக்கு இந்தியர்களுக்கு விசா வேண்டாம், அங்கிருந்து படகில் குவாதலூப் போய்விடலாம் என்று நண்பர் சொன்னார்.

உங்கள் நண்பர் இரண்டு நாடுகளை ஒன்றாக்கிவிட்டார். டொமினிக்கா என்பது குவாதலூப்புக்கும் மார்த்தினிக்குக்கும் நடுவில் உள்ள சிறு தீவு, ரோசோ அதன் தலைநகரம். இந்தியர்களுக்கு விசா வேண்டாதது அங்கேதான். டொமினிக்கன் குடியரசு ஹைத்திக்குப் பக்கத்தில் உள்ள பெரிய நாடு. அங்கே இந்தியர்களுக்கு விசா வேண்டும், அமெரிக்க, கனடா, பிரிட்டன், ஷெங்கன் விசாக்களில் ஒன்று செல்லுபடியாக இருந்தால் விலக்கு. டிக்கெட் வாங்கும்போது பெயரை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். தவறான நாட்டுக்கு டிக்கெட் வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

படகு உண்மைதான். ஆனால் படகில் வந்தாலும் குவாதலூப் துறைமுகத்தில் விசா கேட்பார்கள். குவாதலூப்பில் தங்கி டொமினிக்காவுக்கு ஒரு நாள் போய்த் திரும்ப நினைப்பவர்கள், பலமுறை நுழைவு விசாவாகக் கேட்டு வாங்குங்கள். ஒருமுறை நுழைவு விசாவோடு போனால் திரும்பி வர வழியில்லை.

கோயம்புத்தூரிலிருந்து: பத்தாண்டு அமெரிக்க விசா இருக்கிறது. மியாமி வழியாகப் போகலாமா?

மியாமியைக் கடக்க அது உதவும். குவாதலூப்புக்குள் நுழைய உதவாது. அமெரிக்க விசா இல்லாதவர்கள் மியாமி வழி டிக்கெட்டைத் தொடவே தொடாதீர்கள். விமானம் மாறுவதற்கு மட்டும் என்றாலும் அமெரிக்கா விசா கேட்கும்.

திருச்சியிலிருந்து: என்னிடம் இத்தாலி கொடுத்த ஷெங்கன் விசா இருக்கிறது...

சேலத்துக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து: அங்கே மாரியம்மன் கோயில் உண்டாமே? வேப்பிலை, நெய், குங்குமம் கொண்டுபோகலாமா? குழம்பைக்கூட அவர்கள் 'கொலோம்போ' என்கிறார்களாமே?

உண்டு. கப்பெஸ்தேர்-பெல்-ஓ ஊரில் ஷாங்கி என்ற இடத்தில் சாலையோரமாகவே பெரிய கோயில் நிற்கிறது. அம்மனை 'மலியெமென்' என்பார்கள். உங்கள் ஊர்க்காரர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன்: நாகூர் ஆண்டவரையும் அவர்கள் விடவில்லை. 'நாகூர் மீரா' என்று கோயில் வளாகத்திலேயே கொடிமரம் ஏற்றிக் கும்பிடுகிறார்கள். கடல் கடந்து போனவர்கள் கடலில் காக்கும் நாகூராரை எப்படி மறப்பார்கள்?

குங்குமம் கொண்டுபோங்கள். நெய் வேண்டாம். பாலோ இறைச்சியோ சேர்ந்த பொருள்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து கொண்டுவரத் தடை உண்டு. பச்சை இலைக்குத் தாவர நலச் சான்று கேட்பார்கள். அங்கேயே வேம்பு வளர்கிறது. 'வெப்பெலே' என்று கேளுங்கள், கொடுப்பார்கள்.

'கொலோம்போ' நம் குழம்பேதான்.

பாரிஸிலிருந்து இன்னொருவர்: ஐயா, அது தவறு. இலங்கைத் தலைநகர் கொழும்பின் பெயரால்தான் அந்தக் குழம்புப் பொடிக்குப் பெயர் வந்தது. பிரெஞ்சில் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான்.

விசாவை விட்டு விலகுகிறோம், இருந்தாலும் இதை விட எனக்கு மனமில்லை.

எழுத்து ஒன்றுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆட்கள் ஏறிய துறைமுகங்களைப் பாருங்கள். 1854 டிசம்பரில் குவாதலூப்பை அடைந்த முதல் கப்பலான 'ஒரேலி' புறப்பட்டது புதுச்சேரியிலிருந்து. பிறகு காரைக்கால். கொழும்பிலிருந்து குவாதலூப்புக்குக் கூலி ஏற்றவில்லை. கொழும்பைக் கண்ணால் காணாதவர்கள் தம் அடுப்பில் கொதிப்பதற்கு ஏன் அந்த ஊர்ப் பெயரை வைப்பார்கள்?

அவரே மீண்டும்: பெயர் வைத்தது கூலிகள் இல்லாமல் பிரெஞ்சு வியாபாரிகளாக இருக்கலாமே? அவர்களுக்குக் கொழும்பு தெரியும். மேலும் குழம்பில் 'ஓ' எங்கே இருக்கிறது?

நல்ல கேள்வி. அந்த 'ஓ'வில்தான் என் பதில் இருக்கிறது. அந்தத் தீவில் தங்கிவிட்ட நம் சொற்களை வரிசையாக வையுங்கள். மத்தளம் அங்கே 'மத்தலோன்'. தாளம் 'தாலோம்'. சிதம்பரம் என்ற குடும்பப் பெயர் 'சிதாம்பரோம்'. நம் 'அம்' அவர்கள் வாயிலும் எழுத்திலும் 'ஓம்' ஆகிவிட்டது. குழம்பின் 'ழம்' மட்டும் வேறு வழியில் போகுமா? 'ழ' அவர்களுக்கு 'ல' ஆகும், 'அம்' 'ஓம்' ஆகும், கடைசி உகரம் ஓகாரம் ஆகும். கொலோம்போ. எழுத்து வடிவம் கேட்டுப் பழகிய நகரப் பெயரைப் போல அமைந்திருக்கலாம், அதுவரை உங்கள் பக்கம் வருகிறேன். பொருள் நம் அடுப்பிலிருந்து போனது. ஆட்டுக்கறிக் கொலோம்போவை ஒரு முறை சாப்பிட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள். மல்லியும் சீரகமும் மஞ்சளும் கடுகும் வெந்தயமும் கண்ணை மூடினாலே தெரியும்.

கும்பகோணத்திலிருந்து: எங்கள் பாட்டி குழம்பைக் 'கொளம்பு' என்பார். அதிலிருந்து கொலோம்போ இன்னும் பக்கம் அல்லவா?

ஆமாம்! இதை நான் யோசிக்கவே இல்லை. பேச்சில் 'கொளம்பு' என்றுதானே அந்த மக்களும் சொல்லியிருப்பார்கள். முதல் எழுத்தின் 'ஓ'வுக்கும் வழி கிடைத்துவிட்டது. நன்றி அம்மா.

வேலூரிலிருந்து: குவாதலூப்போடு டிரினிடாடும் பார்க்க ஆசை. தடுப்பூசி வேண்டுமா?

வேண்டும். இந்தியர்களுக்கு டிரினிடாடில் 90 நாள் வரை விசா வேண்டாம், ஆனால் அது மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் உள்ள தீவு. அங்கிருந்து குவாதலூப்புக்கு வருவோரிடம் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். அங்கிருந்து கிளம்பி ஆறு நாட்களுக்குள் இந்தியா திரும்பினால் நம் விமான நிலையத்திலும் கேட்பார்கள், இல்லாவிட்டால் தனிமைப்படுத்துவார்கள். சென்னை கிண்டி கிங் நிறுவனத்தில் போட்டுக்கொள்ளலாம். ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லும். கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

ஈரோட்டிலிருந்து: ஷெங்கன் விசா இருந்தால்...

இல்லை. அந்த வரியைப் படியுங்கள்.

தூத்துக்குடியிலிருந்து: ரீயூனியன் தீவுக்கும் இதே விதியா?

அது இந்தியப் பெருங்கடல், இந்தியர்களுக்கு அங்கே தனி ஏற்பாடு உண்டு. பிரெஞ்சுத் தூதரகத்திடம் கேளுங்கள்.

காரைக்காலிலிருந்து: எங்கள் கொள்ளுத் தாத்தாவின் அண்ணன் குவாதலூப் போனவர், திரும்பவில்லை. அந்த உறவைக் காட்டிப் பிரெஞ்சுக் குடியுரிமையோ விசாச் சலுகையோ கேட்க முடியுமா? அவர் பிள்ளைகளைத் தேடுவது எப்படி?

அம்மா, குடியுரிமை கிடைக்காது, விசாவிலும் சலுகை இல்லை. அங்கேயே பிறந்த நம்மவர்களுக்கே அது எளிதில் கிடைக்கவில்லை. கப்பெஸ்தேரில் பிறந்த ஹென்றி சிதம்பரம் 1904-இல் இந்திய வம்சாவளியினருக்கு ஓட்டுரிமை கேட்டுத் தொடங்கிய போராட்டம் 1923 வரை நீண்டது.

ஆனால் தேடுவதற்கு வழி இருக்கிறது. எக்ஸ்-ஆன்-புரொவான்ஸ் நகரில் உள்ள கடல் கடந்த பிரதேசங்களின் தேசிய ஆவணக் காப்பகம், குவாதலூப்பின் பழைய பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. காரைக்காலில் இருந்தபடியே பார்க்கலாம். தீவிலேயே கூர்பேர் என்ற ஊரில் மாவட்ட ஆவணக் காப்பகம் உண்டு. பெயரை நம் உச்சரிப்பில் தேடாதீர்கள். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், 'அம்' வரும் இடத்தில் 'ஓம்' போட்டுப் பாருங்கள். தாத்தாவின் பெயர், அவர் அப்பாவின் பெயர், புறப்பட்ட ஆண்டு ஏறத்தாழ எது என்று எழுதி எனக்கு அனுப்புங்கள். எந்த ஊர்ப் பதிவேட்டில் தொடங்கலாம் என்று நானும் உங்களோடு உட்கார்ந்து பார்க்கிறேன்.