தவான் வைத்த இரண்டு நிபந்தனைகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சதீஷ் தவான் பேச்சை எடுத்தாலே ஒரு கதைதான் வருகிறது. 1979இல் எஸ்.எல்.வி-3 ராக்கெட் கடலில் விழுந்தபோது செய்தியாளர்களைத் தானே எதிர்கொண்டார். மறு ஆண்டு வென்றபோது கலாமைப் பேசவைத்தார். இஸ்ரோ தலைவராக அவர் செய்தது இவ்வளவுதானா? நல்ல ஆய்வாளர் நிர்வாகத்துக்குப் போனால் அறிவியலுக்கு நஷ்டம்தானே?

பொறியியல் மாணவி ஒருவர்

அன்புள்ள மாணவிக்கு,

அது நடந்த கதைதான். கலாமே பல மேடைகளில் சொன்னது. ஆனால் அதையே சொல்லிச் சொல்லி தவானை நீதிக்கதைப் பாத்திரமாக்கிவிட்டோம். அவருடைய பெரிய வேலை 1972இல் தொடங்கியது.

விண்வெளித் திட்டத்தை வழிநடத்திய விக்ரம் சாராபாய் 1971 டிசம்பரில் திடீரென்று மறைந்தார். அமெரிக்காவில் கால்டெக் பல்கலைக்கழகத்தில் இருந்த தவானை அந்தப் பொறுப்பேற்க இந்திரா காந்தி அழைத்தார். அவர் இரண்டு நிபந்தனைகள் வைத்தார்: விண்வெளித் திட்டத்தின் தலைமையகம் பெங்களூரில் இருக்க வேண்டும், இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராகவும் தொடர்வேன். இரண்டும் ஏற்கப்பட்டன. 1972இல்தான் விண்வெளி ஆணையமும், நேரடியாகப் பிரதமரின் கீழ் விண்வெளித் துறையும் உருவாயின. ஆணையத் தலைவர், துறைச் செயலர், இஸ்ரோ தலைவர் மூவரும் ஒருவரே. தொழில்நுட்பம் அறிந்தவரே கோப்பிலும் கையெழுத்திடுவார். இன்றும் இதுதான் ஏற்பாடு. (இவ்வளவு அதிகாரம் ஒரே நாற்காலியில் குவிவதில் எனக்குத் தயக்கம் உண்டு. அது வேறு விவாதம்.)

ஆள் தேர்விலும் அவர் கெட்டிக்காரர். திருவனந்தபுரத்தில் தனித்தனியாக இயங்கிய பிரிவுகள் விக்ரம் சாராபாய் விண்வெளி மையமாக இணைந்தபோது, அணுசக்தித் துறையிலிருந்து உலோகவியலாளர் பிரம்ம பிரகாஷ் இயக்குநராக வந்தார். எஸ்.எல்.வி-3 கலாமிடம் போனது.

நீங்கள் சொல்லும் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது செய்தியாளர் சந்திப்பு அல்ல, நடுவிலிருந்த 11 மாதங்கள். 1979 ஆகஸ்டில் ராக்கெட்டின் இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பு ஒரு வால்வுக் கோளாறால் பழுதானது. 1980 ஜூலை 18 அன்று அதே வகை ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டது. பிழையை மறைக்காமல் தோண்டி எடுக்கும் பழக்கம் இல்லாத இடத்தில் இது நடக்காது. தலைவரின் பெருந்தன்மை மட்டும் வால்வைச் சரிசெய்துவிடாது.

நஷ்டம் பற்றிக் கேட்டீர்கள். அந்த இரண்டாம் நிபந்தனையே அதற்குப் பதில். பெங்களூரில் மீயொலிக் காற்றுச் சுரங்கங்களை (ஒலியைவிட வேகமான காற்றோட்டத்தில் சோதிக்கும் கருவிகளை) அமைத்த மனிதர் 1981 வரை அந்தக் கழகத்தை விடவில்லை. 1984இல் இஸ்ரோவை யு.ஆர். ராவிடம் ஒப்படைத்த பிறகும் சும்மா இருக்கவில்லை. பறவைகள் எப்படிப் பறக்கின்றன என்று காற்றியக்கவியல் நோக்கில் ஆராய்ந்து தனி நூலே எழுதினார்.