பீடையா, பாதமா?

கேள்வி: எங்கள் தெருவில் கழிவுநீர்க் கால்வாய்க்குத் தோண்டிய பள்ளம் எட்டு மாதமாக அப்படியே கிடக்கிறது. மனு போட்டேன். மழையால் வேலை 'இம்பீட்' ஆகிவிட்டதாக ஆங்கிலத்தில் பதில் வந்தது. அப்படியென்றால் வேலை நின்றுபோச்சு என்று அர்த்தமா? நம்ம 'பீடை'யிலிருந்து வந்த சொல்லாக இருக்கும் என்கிறாள் என் மனைவி.
– ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: பள்ளத்தைப் பார்த்தால் உங்கள் வீட்டம்மா சொல்வதுதான் சரி, ஆனால் சொல்லுக்கு அது பொருந்தாது. பீடை வடமொழி, துன்பம் என்று பொருள். இம்பீட் லத்தீனிலிருந்து வந்தது. லத்தீனில் காலுக்கு 'பெஸ்' என்று பெயர், வேற்றுமை ஏற்கும்போது அது 'பெட்' என்று திரியும். சைக்கிள் பெடலிலும், வேலூர் வெயிலுக்கு நாம் ஓடவிடும் பெடஸ்டல் ஃபேனிலும் இருப்பது இதே கால்தான். அதைக் கட்டிப்போட்டால் இம்பீட். (நம்மூரில் கல்யாணத்தைக் கால்கட்டு என்போம், வீட்டில் இதைப் படிப்பார்கள் என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.)

பாலாற்றுப் பக்கம் கழுதைக்கு முன்னங்கால் இரண்டையும் சேர்த்துத் தளை போட்டு மேய விட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்களே, அது நிற்காது, தத்தித் தத்தி நகர்ந்துகொண்டுதான் இருக்கும், ஆனால் தூரமாக ஓடிவிட முடியாது. அதுதான் இம்பீட். அதனால் வேலை நின்றுவிட்டது என்று அவர்கள் எழுதவில்லை, தாமதமாகிறது என்றுதான் எழுதியிருக்கிறார்கள். எட்டு மாதத்தில் ஒரு சாண்கூட நகரவில்லை என்றால் அந்தச் சொல்லே தப்பு, தாராளமாகச் சண்டை போடலாம்.

ரோமானியர்கள் படையோடு போகும் மூட்டை முடிச்சுகளை 'இம்பெடிமென்டா' என்றார்கள், நடையைத் தாமதப்படுத்துமே, அதனால். அப்புறம், செய்தியில் அடிபடும் இம்பீச்மென்ட் (பதவியில் இருப்பவர்மீது குற்றம் சாட்டி விசாரிப்பது) இருக்கிறதே, அதற்கும் மூலம் கால் விலங்குதான். பதவியில் இருப்பவர் காலில் தளை!

மனைவியிடம் ஒன்று சொல்லுங்கள். பீடை உறவில்லையே தவிர, வடமொழியிலிருந்து நாம் எடுத்துக்கொண்ட 'பாதம்' லத்தீன் 'பெட்'டுக்கு நெருங்கிய சொந்தம், இரண்டும் ஒரே வேர். ஆகக் குடும்பத்தை ஓரளவு சரியாகவே பிடித்திருக்கிறார், ஆள்தான் மாறிவிட்டது.

இம்பீடுக்கு எதிர்ச்சொல் 'எக்ஸ்பெடைட்', கட்டிய காலை அவிழ்த்துவிடுவது, அதாவது வேலையைத் துரிதப்படுத்துவது. அடுத்த மனுவில் அதை எழுதிப் பாருங்கள்.