அத்திமரத்தைப் புதைத்தவர்

அன்புள்ள ஐயா,

எங்கள் பக்கத்து வீட்டு இத்தாலியத் தாத்தா ஜனவரியில் காலமாகிவிட்டார். வயது 89. கலாப்ரியாவில் ஏதோ ஒரு மலைக்கிராமம். 1957-இல் கப்பலில் கனடாவுக்கு வந்தவர். முப்பது வருடத்துக்கு மேல் கட்டுமான வேலை. மனைவி ஆறு வருடம் முன்பே போய்விட்டார். 2003-இல் நாங்கள் இந்த வீட்டுக்கு வந்த நாள் தொடக்கம் அவரைத் தோட்டத்தில்தான் கண்டிருக்கிறேன். ஒரு அத்திமரம் வைத்திருந்தார். ஒவ்வொரு நவம்பரும் அதை மண்ணுக்குள் புதைப்பார். போன நவம்பர் என் கணவரும் ஒரு கை கொடுத்தார்.

செத்தவீட்டில் மகன் பேசினார். “அப்பாவுக்குக் குடும்பமும் வீடும்தான் எல்லாம்” என்றார். பிறகு அழுதுவிட்டார். அறுபத்தெட்டு வருடம் ஒரு நாட்டில் இருந்த மனிசனுக்கு ஒரு வசனம்தானா? ஆங்கிலம் கதைக்க அவ்வளவாக வராது. ஊர் சுற்றியதும் இல்லை. என் அப்பாவும் ஏறத்தாழ இப்படித்தான். இது ஒரு முழு வாழ்க்கையா என்று யோசித்தபடியே இருக்கிறேன்.

ச., ரொறன்ரோ

*

அன்புள்ள ச.,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்த மகன் அதற்கு மேல் பேச முடியாமல் நின்றது எனக்குப் புரிகிறது. அந்த ஒரு வரிக்குள் என்னென்ன இருக்கும் என்று பார்க்கலாம்.

1957-ல் கப்பலில் வந்தார் என்றால் பெரும்பாலும் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் வந்திருப்பார். போருக்குப் பிறகான கலாப்ரியாவில் நிலம் துண்டு துண்டாகிக் கிடந்தது. பல குடும்பங்களுக்கு வீடு என்பதே ஓரிரு அறைதான். கழுதையும் கோழியும் அதே கூரைக்குக் கீழே. அப்படிப்பட்ட இடத்திலிருந்து கிளம்பிய இளைஞனுக்கு ‘சொந்த வீடு’ என்ற சொல் எவ்வளவு பெரியதாக இருந்திருக்கும்!

அவர் வந்து மூன்றாவது ஆண்டு, 1960 மார்ச் 17 அன்று, டொராண்டோவின் ஹாக்ஸ் ஹாலோ பகுதியில் டான் ஆற்றுக்கு அடியில் குடிநீர்க் குழாய்க்காகச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த ஐந்து பேர், தீயும் புகையும் சூழ்ந்து உள்ளேயே இறந்தார்கள். ஐவருமே இத்தாலியிலிருந்து வந்தவர்கள். அதில் இருவர் அண்ணன் தம்பி. அந்த ஆண்டும் அடுத்த ஆண்டும் இத்தாலியக் கட்டுமானத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஒன்டாரியோவின் தொழில் பாதுகாப்புச் சட்டங்கள் திருத்தப்பட்டன. யார்க் மில்ஸ் சுரங்க ரயில் நிலையத்தில் அந்த ஐவருக்காக ஒரு பெரிய ஒட்டுத்துணி ஓவியம் மாட்டியிருக்கிறார்கள். போனால் நின்று பாருங்கள். உங்கள் தாத்தா வேலை பார்த்த உலகம் அதுதான். சாயந்தரம் காலில் மண்ணோடு வீட்டுக்குள் நுழைவதே அப்போது ஒரு பெரிய காரியம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் வருவதற்கு 17 ஆண்டுகளுக்கு முன்பு, 1940-ல், இரண்டாம் உலகப் போரில் இத்தாலி எதிர்ப்பக்கம் சேர்ந்ததும், இதே கனடா தன் இத்தாலியர்களை எதிரி நாட்டவர் என்று பதிவு செய்தது. சுமார் 600 பேரை முகாம்களில் அடைத்தது. நாடாளுமன்றத்தில் பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2021 மே மாதம்தான். அந்த நினைவு இன்னும் ஆறாத ஒரு சமூகத்துக்கு நடுவில்தான் இவர் வந்து சேர்ந்தார். நம் பெயரில் ஒரு வீடு, உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள ஒரு கதவு என்று அந்த மக்கள் ஏங்கியதில் இதற்கும் பங்கு உண்டு என்றே நான் நம்புகிறேன்.

சரி, வீடு எப்படி வாங்கினார்கள்? ஒரே வீட்டில் இரண்டு மூன்று குடும்பங்கள். மேல் அறைகளில் வாடகைக்கு ஊர்க்காரப் பையன்கள். பகலில் டொராண்டோவின் ஸ்படைனா தெருப் பக்கத்துத் தையல் ஆலைகளில் வேலை பார்த்த பெண்கள், திரும்பி வந்து அந்தப் பையன்களுக்கும் சேர்த்துச் சமைத்தார்கள், துவைத்தார்கள். அதனால்தான் சொல்கிறேன், அந்தப் பாட்டியை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்லாதீர்கள். அவர் கட்டிய சுவரில் பாதி அவளுடையது. இதில் எல்லாமே இனிப்பு என்றும் சொல்ல மாட்டேன். பெண் பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே கட்டுண்டு கிடந்தார்கள். பல பிள்ளைகளுக்கு அப்பா என்றால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்கிற ஆள்.

இத்தாலிய மொழியில் கட்டடத்துக்கும் குடும்பம் வாழும் இடத்துக்கும் ஒரே சொல்தான்: ‘காசா’. நமக்கும் அப்படித்தானே? “வீட்ல கேட்டுச் சொல்றேன்” என்றால் செங்கல்லையா கேட்கப் போகிறோம்? அந்த மகன் ஆங்கிலத்தில் இரண்டு சொல்லாகப் பிரித்துச் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு அது ஒரே சொல்லாகத்தான் இருந்திருக்கும்.

அத்திமரம் புதைப்பதை நானும் பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன்பு உங்கள் ஊரில் நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோது, பின்வீட்டு முதியவர் ஒருவர் இலை உதிர்ந்த கிளைகளை எல்லாம் சேர்த்துக் கயிற்றால் கட்டினார், நாம் கரும்புக்கட்டு கட்டுவதுபோல. மரத்தின் ஒரு பக்கத்து வேர்களை மண்வெட்டியால் வெட்டினார். மறுபக்கம் ஆள் நீளத்துக்குக் குழி. தண்டில் இரண்டு கையையும் வைத்து, உடம்பின் எடையை மெதுவாகக் கொடுத்துச் சாய்த்தார். கிர்ரென்று ஒரு சத்தம் வந்ததும் நிறுத்தினார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் சாய்த்தார். மேலே பலகை, காய்ந்த சருகு, பழைய கம்பளம், அப்புறம் மண். முழுதாக ஒரு பகல் ஆனது. அந்தக் குளிரில் தானாகப் பிழைக்காத மரத்தை, அந்த மண்ணை வைத்தே காப்பாற்றுகிற கைவேலை அது. உங்கள் தாத்தா அதை எத்தனை நவம்பர் செய்தாரோ! ஊர் சுற்றாத ஆளுக்கு இது தெரிந்திருந்தது என்பதை அந்த ஒரு வரியோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அப்பாவைப் பற்றி ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள். அவர் இருக்கிறார் என்றால், முதல் குளிர்காலத்தை எங்கே கழித்தார், யாரோடு அறையைப் பகிர்ந்துகொண்டார் என்று கேளுங்கள். பதிலை எனக்கும் எழுதுங்கள்.

கடைசியாக, அந்த மரம் இப்போது மண்ணுக்குள்தான் இருக்கிறது. வெயில் ஏறிய பிறகும் அப்படியே கிடந்தால் அழுகிவிடும். மகனுக்கு இது நினைவில் இருக்குமோ என்னவோ. ஏப்ரல் பாதிக்கு மேல் கடும் உறைபனி போனதும், அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, உங்கள் கணவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பலகையை எடுங்கள். வெயில் இல்லாத நாளாகப் பாருங்கள். நிமிர்த்தும்போது அவசரம் வேண்டாம். வேரைச் சுற்றி மண்ணை நன்றாக மிதித்துவிட்டு, நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள்.

அன்புடன்.